பழைய லீவர் துப்பாக்கியின் பிழைக் கணக்கு

அமெரிக்காவின் மேய்ன், வெர்மான்ட், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் இலையுதிர் காலம் முடியும் தறுவாயில் மான் வேட்டைப் பருவம் திறக்கும். அப்போது துப்பாக்கிக் கடைகளின் பழைய சரக்கு வரிசையில் தவறாமல் கண்ணில் படுபவை இரண்டு: வின்செஸ்டர் 94, மார்லின் 336. இரண்டும் லீவர் வகை. ட்ரிகரைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். குழலுக்கு அடியில் ஓடும் நீண்ட குழாயிலிருந்து புதுத் தோட்டா உள்ளே ஏறும். முதலாவதை வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங். 1894இல் வெளிவந்து, நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்படுவதற்குள் 70 லட்சத்துக்கும் மேல் தயாரானது அது. மார்லின் 336 வந்தது 1948இல். இவ்வளவு எண்ணிக்கையில் ஊரெங்கும் பரவிய ஒரு கருவி கைமாறும்போதெல்லாம் புதிய உரிமையாளருக்கு அதில் ஏதாவது மாற்றிப் பார்க்கும் ஆசை வருவது இயல்புதான். பெரிய வளையம், குட்டைக் குழல், பிளாஸ்டிக் கட்டை, மேலே நீளமான உலோகத் தண்டவாளம், புதுக் கறுப்புப் பூச்சு என்று உதிரிபாகக் கடைகளில் பட்டியல் நீளும். இவற்றில் எதில் காசு போடலாம், எதில் போடக்கூடாது என்பதற்கு ரசனை மட்டும் அளவுகோலாக இருக்கத் தேவையில்லை. பள்ளிக்கூட இயற்பியலே பெரும்பாலும் போதும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை ஒரே பக்கம் சாய்கிறது: துப்பாக்கியும் மனிதனும் தொட்டுக்கொள்ளும் இடங்களை, அதாவது கண்ணும் தோளும் விரலும் சேரும் இடங்களை மாற்றினால் பலன் உண்டு, அதற்கு அப்பால் உலோகத்தின் உள்ளே போகப் போகப் பலன் சுருங்கிக்கொண்டே போகிறது.

முதலில் பிழைகள் எப்படிக் கூடுகின்றன என்று பார்க்கவேண்டும். 100 மீட்டர் தூரத்தில் ஒரு குண்டு குறியை விட்டு விலகுவதற்குக் காரணங்கள் பல. அவற்றை இரண்டு பெட்டிகளில் போடலாம். ஒன்று, துப்பாக்கியை அசையாமல் பிடித்துச் சுட்டாலும் குண்டுகள் சிதறும் அளவு. மற்றொன்று, மனிதன் குறிபார்ப்பதில் ஏற்படும் பிழை. ஒன்றையொன்று சாராத இரு பிழைகள் நேரடியாகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும். துப்பாக்கியின் சிதறலை 7 செ.மீ. என்றும், ஆலையிலிருந்து வந்த திறந்த குறியை வைத்துப் பார்ப்பவரின் பிழையை 15 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 16.6 செ.மீ. இப்போது நிறையச் செலவழித்துத் துப்பாக்கியின் சிதறலைப் பாதியாக்கினால் மொத்தம் 15.4தான் ஆகும். அதே உழைப்பைக் குறிபார்ப்பதில் காட்டி அந்தப் பிழையைப் பாதியாக்கினால் 10.3க்கு இறங்கிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. அகலம் என்று கொள்வது வழக்கம். ஒரு மாற்றத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையில் இருப்பது, மிருகம் நின்ற இடத்திலேயே விழுவதா, காயத்தோடு காட்டுக்குள் ஓடி இரண்டு நாள் கழித்துச் சாவதா என்ற வேறுபாடு.

என் எண்கள் வசதிக்காக எடுத்தவை என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் குறிபார்ப்பதே பெரிய பிழை என்று எண்ணக் காரணம் துப்பாக்கியின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. வின்செஸ்டர் 94இன் பின்குறி குழலின் மேல், கண்ணிலிருந்து வெகுதூரம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 40 செ.மீ.தான். ஒத்த முக்கோணங்களின் கணக்குப்படி, இந்த இடைவெளியில் குறி அரை மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டரில் குண்டு 12.5 செ.மீ. தள்ளிப் போகும். பின்குறியைக் குழலிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணுக்கு அருகே உடற்பகுதியின் பின்முனையில் ஒரு துளைக்குறியைப் பொருத்தினால் இடைவெளி 60 செ.மீ. ஆகிறது. அதே அரை மில்லிமீட்டர் இப்போது 8.3 செ.மீ.தான். லைமன், வில்லியம்ஸ், மார்பிள்ஸ் என்று தலைமுறைகளாக அமெரிக்க நிறுவனங்கள் விற்றுவரும் எளிய பாகம் இது. பல 94களில் உடற்பகுதியின் இடப்பக்கம் இதற்கென்றே ஆலையில் துளையிட்டு மரைபோட்டு, இரண்டு சிறு திருகாணிகளால் மூடி வைத்திருப்பார்கள். அந்தத் திருகாணிகளின் தலை சிதையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, வாங்கும்போது கட்டையின் பளபளப்பைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இடைவெளி கூடுவது பாதிக் கதை. மீதி, கண்ணுக்குள் நடப்பது. திறந்த குறியில் பின்குறி 45 செ.மீ. தூரத்திலும், முன்குறி 85 செ.மீ. தூரத்திலும், மான் 80 மீட்டர் தூரத்திலும் இருக்கின்றன. கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில்தான் குவியும். இளம்வயதில் விழிவில்லை சட்டென்று மாறி மாறிக் குவிந்து இந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடுகிறது. இருபது வயதில் ஏறத்தாழ 10 டயாப்டராக இருக்கும் அந்தத் தகவமைப்புத் திறன் ஐம்பதைத் தாண்டும்போது 2 டயாப்டருக்கும் கீழே போய்விடும். தாத்தாவின் துப்பாக்கி என்று ஆசையாகத் தேடி வாங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள்தானே. குவியாத பொருளின் மங்கல் எவ்வளவு என்பதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு: கண்மணியின் விட்டத்தை, குவியம் விலகிய டயாப்டரால் பெருக்கினால் மங்கலின் கோணம் கிடைக்கும். முன்குறியில் கண்ணைக் குவித்தால் தூரத்து மானுக்குக் குவியம் சுமார் 1.2 டயாப்டர் விலகும். கண்மணி 4 மில்லிமீட்டர் திறந்திருந்தால், 100 மீட்டரில் மானின் விளிம்பு அரை மீட்டர் அகலத்துக்குக் கரைந்து தெரியும். கண்முன்னே 2 மில்லிமீட்டர் துளை ஒன்றை வைத்தால் அந்த மங்கல் பாதியாகிறது. பின்குறியைக் கூர்ந்து பார்க்கும் வேலையும் மறைகிறது. துளையின் விளிம்பு பனிபோல் மங்கியிருக்க, அதன் நடுவே அதிக வெளிச்சம் வரும் இடத்தைக் கண் தானாகவே தேடிப்போகும். முன்குறியை அங்கே வைத்தால் போதும்.

இதற்கு எதிராக வேட்டைக்காரர்கள் சொல்லும் ஒரு குறை நியாயமானது. மான்கள் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். துளை பாதியானால் உள்ளே வரும் ஒளி கால்வாசியாகிறது. அதனால்தான் காட்டுக்குப் போகிறவர்கள் துளைக்குறியின் உள்வட்டத்தைக் கழற்றிவிட்டு, பெரிய வளையத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மங்கலைக் குறைக்கும் பலனில் பெரும்பகுதி அப்போது போய்விடும். ஆனால் நீண்ட இடைவெளியும், மூன்று பொருளுக்குப் பதிலாக இரண்டையே பார்க்கும் வசதியும் மிஞ்சும். துளையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் இருப்பதே இந்த மாற்றத்தின் சிறப்பு. பிடிக்காவிட்டால் திருகாணியைக் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம். ஒரே ஒரு சிக்கல் பலரைத் தடுமாற வைக்கிறது. துளைக்குறி பழைய பின்குறியைவிட உயரமாக உட்காரும். ஆகவே துப்பாக்கி குறிக்கு மேலே சுடத் தொடங்கும். துளையைக் கடைசிவரை இறக்கியும் 100 மீட்டரில் 10 செ.மீ. மேலே போகிறதென்றால், 60 செ.மீ. இடைவெளிக்கு முன்குறியை 0.6 மில்லிமீட்டர் உயர்த்தவேண்டும். குண்டு மேலே போனால் முன்குறி உயரவேண்டும் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். முக்கோணத்தை வரைந்து பார்த்தால் தெளியும். ஆகவே துளைக்குறி வாங்கும்போதே உயரமான முன்குறிக்கும் சேர்த்து ஒதுக்கவேண்டும்.

“இவ்வளவு எதற்கு, ஒரு ஸ்கோப் மாட்டினால் எல்லாம் தீர்ந்துவிடுமே” என்ற கேள்வி அடுத்து வரும். பாதிக்குமேல் சரியான கேள்வி. ஸ்கோப் குறியையும் மானையும் ஒரே குவியத் தளத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. வயதான கண்ணுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. மார்லினின் உடற்பகுதி மேலே மூடியது. வெற்றுக்கூடு பக்கவாட்டில் விழும். ஸ்கோப் அதில் இயல்பாகப் பொருந்துகிறது. அதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன், அதுவும் கண்ணுக்குச் செய்யும் திருத்தம்தான். பிரௌனிங்கின் 94இல் நிலைமை வேறு. 1980களின் தொடக்கத்தில் கூடு வெளிவரும் கோணத்தை ஆலையே மாற்றும்வரை, அது நேரே மேலே தெறித்தது. அப்படிப்பட்ட துப்பாக்கியில் ஸ்கோப்பை ஒருபக்கமாகவோ வெகுதூரம் முன்னேயோதான் வைக்கவேண்டும். அப்போது கன்னம் கட்டையில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். கட்டையின் மேல்விளிம்பு தாழ்வான திறந்த குறிக்காகச் செதுக்கப்பட்டது என்பதை மறந்ததன் விளைவு அது. கன்னம் படியாவிட்டால் தலை ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும். கண்ணுக்குச் செய்த திருத்தத்தைக் கழுத்து கெடுத்துவிடும். தாங்கியோடு சேர்த்து ஸ்கோப் சுமார் 450 கிராம் எடையைக் கூட்டுகிறது, அதுவும் உச்சியில். ஒற்றைக் கையால் நடுவில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாள்முழுக்க நடக்கலாம் என்பதுதான் இந்தத் துப்பாக்கியின் பெரிய வசதி. கை பிடிக்கும் அந்த இடம் ஸ்கோப் வந்ததும் போய்விடுகிறது.

எடை கூடினால் உதை குறையுமே என்பார்கள். குறையும், ஆனால் எவ்வளவு? இந்தத் துப்பாக்கிகளில் வழக்கமாகப் போடும் .30-30 தோட்டாவின் 11 கிராம் குண்டு நொடிக்கு 670 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதன் உந்தம் 7.4 கிலோகிராம்-மீட்டர்/நொடி. வெடிமருந்து 2 கிராம் என்றால், அது எரிந்த வாயு 1,200 மீட்டர் அளவு வேகத்தில் வெளியேறி இன்னொரு 2.4ஐச் சேர்க்கிறது. மொத்தம் 9.8. இதை 3.1 கிலோ துப்பாக்கி வாங்கிக்கொண்டால் நொடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும், ஆற்றல் 15.5 ஜூல். ஸ்கோப்பின் 450 கிராமைச் சேர்த்தால் அது 13.5 ஜூலாகும். எட்டில் ஒரு பங்கு குறைவு. இப்போது எடையை விட்டுவிட்டு, கட்டையின் முனையிலுள்ள உலோகத் தகட்டைப் பாருங்கள். தோளின் சதை மட்டும் 2 செ.மீ. அமுங்கித் துப்பாக்கியை நிறுத்துகிறது என்று கொண்டால் சராசரி விசை 775 நியூட்டன். ஒரு ரப்பர் மெத்தை கூடுதலாக 1 செ.மீ. அமுங்கினால் 517க்கு இறங்கும். மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஏறக்குறைய எடையே இல்லாமல். உந்தம் மாறவில்லை; அதை வாங்கிக்கொள்ளும் தூரமும் நேரமும் நீண்டிருக்கின்றன. உதைக்கு அஞ்சிச் சுடும் நொடியில் கண்ணை மூடும் பழக்கம் எந்தக் குழலின் குறையையும்விடப் பெரிய பிழை என்பதால், மெத்தையும் என் கணக்கில் குறிபார்ப்பதைத் திருத்தும் கருவிதான். இதிலும் கட்டையை அறுக்க அவசரப்படத் தேவையில்லை. இந்தத் துப்பாக்கிகளில் ட்ரிகரிலிருந்து கட்டையின் முனைவரை ஏறத்தாழ 33 செ.மீ.; சட்டையோடு சுடுபவருக்கு இது குட்டை, நவம்பர் குளிருக்கான கனத்த மேலங்கி போட்டவருக்குச் சரி. மேலே மாட்டிக் கழற்றும் உறைமெத்தையை ஒரு பருவம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது மேல்.

ட்ரிகர் எல்லைக்கோட்டில் நிற்கும் விஷயம். மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கியை அசைக்காமல் மூன்று கிலோ விசையில் ட்ரிகரை இழுப்பது கடினம்தான். இலகுவாக்கினால் பலன் உண்டு. ஆனால் அங்கே தேய்க்கப்படும் உலோகப் பரப்பு, பின்னால் ஏற்றிவைத்த குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) தானாக விழாமல் பிடித்து நிற்கும் அதே பரப்பு. பழைய 94களிலும் 336களிலும் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. குதிரையைப் பாதி ஏற்றி நிறுத்தும் வெட்டுப்பள்ளம்தான் பாதுகாப்பு. வீட்டு மேசையில் அரத்தை எடுத்து வேலை செய்யக்கூடிய இடம் அது அல்ல. தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் போகவேண்டும்.

இனி உலோகத்தின் உள்ளே போவோம். வலுவான தோட்டா, கூர்மையான குண்டு, நீண்ட தூரம் என்ற ஆசைக்கு இந்த வடிவமைப்பு மூன்று பக்கமும் அணைபோட்டிருக்கிறது. குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் மூக்கு முன்னதன் பற்றவைப்பு மூடியைத் தொட்டபடி படுத்திருக்கின்றன. கூர்மையான குண்டை வைத்தால், உதையின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் மழுங்கிய மூக்கு; அதனால் காற்றின் தடை அதிகம். 670 மீட்டர் வேகத்தில் கிளம்பிய குண்டு 90 மீட்டரில் 578, 180 மீட்டரில் 493 என்று தேய்கிறது. ஆற்றல் 2,480 ஜூலிலிருந்து 1,340க்கு வந்துவிடுகிறது. ஹோர்னடி நிறுவனம் 2000களின் நடுவில் மிருதுவான ரப்பர் போன்ற முனை வைத்த குண்டைக் கொண்டுவந்து இந்தத் தடையை ஓரளவு தளர்த்தியது. துப்பாக்கியைத் தொடாமல் தோட்டாப் பெட்டியை மாற்றியே கிடைத்த முன்னேற்றம் அது. வெடிமருந்தைக் கூட்டலாமா என்றால், .30-30க்கு அமெரிக்கத் தொழில்தரம் வகுத்த அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு. நவீன .308 தோட்டாவுக்கு 62,000. பூட்டும் அமைப்பு பின்கோடியில் இருக்கும் லீவர் துப்பாக்கியை அந்த எல்லைக்கு இழுக்கக்கூடாது. பிரௌனிங்குக்கே இது தெரிந்திருந்தது. ஆற்றல் மிகுந்த தோட்டாக்களுக்காக அவர் 1895இல் குழாயைக் கைவிட்டு, பெட்டி மேகசின் வைத்த வேறொரு துப்பாக்கியையே வடிவமைத்தார். ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்த .405 வின்செஸ்டர் அந்த வகையைச் சேர்ந்ததுதான். வேறு வேலைக்கு வேறு கருவி என்பதைக் கண்டுபிடித்தவரே ஒப்புக்கொண்ட பிறகு, 94ஐ அதுவாக மாற்ற நினைப்பது வீண்.

குழலின் துல்லியத்தைக் கூட்டலாம் என்பவர்களுக்கும் இதே பதில்தான், கொஞ்சம் வேறு காரணத்தோடு. மெல்லிய குழலோடு குழாயும் முன்கட்டையும் பட்டைகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. அரை மீட்டர் எஃகுக் குழல் 50 டிகிரி சூடேறினால் 0.3 மில்லிமீட்டர் நீளும். கீழேயுள்ள குழாய் சூடாகாததால் நீளாது. இரண்டின் இழுபறியில் குழல் சற்று வளையும். தொடர்ந்து பத்துக் குண்டு சுட்டுப்பார்த்துச் சிதறுகிறது என்று குறைசொல்பவர் அளப்பது இந்த வளைவைத்தான். காட்டில் மான்மேல் விழும் முதல் குண்டு குளிர்ந்த குழலிலிருந்து வருவது. குழலைக் குட்டையாக்குவது இன்னும் மோசமான வியாபாரம்: அங்குலத்துக்கு நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வேகம் போகிறது, குறியின் இடைவெளி சுருங்குகிறது, காது கிழிகிறது, 16 அங்குலத்துக்குக் கீழே போனால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலும் மாட்டிக்கொள்ளவேண்டும். பெரிய வளையம் கையுறை போட்டவருக்கு உதவும். மற்றபடி 1939இல் ஜான் வெய்ன் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் சுழற்றிக் காட்டியதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பழசை விரும்பிச் சேகரிப்பவர்கள் எதிர்த்திசையிலிருந்து வருவார்கள்: திருகாணியைக்கூடத் தொடாதே என்பார்கள். ஆலைத் துளை இல்லாத, 1964க்கு முந்தைய, பூச்சு கெடாத 94 என்றால் அவர்கள் சொல்வதே சரி. ஆனால் 70 லட்சத்தில் பெரும்பான்மை அப்படிப்பட்டவை அல்ல; வேலை செய்யப் பிறந்தவை. இருந்தும் மேற்பூச்சு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். துப்பாக்கியின் கருநீல நிறம் சாயமல்ல. இரும்பின் மேல்தோலே மாக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாறி நிற்பது. மறுபடி கறுப்பாக்கப் பழைய தோலை உரசி எடுக்கவேண்டும். அந்த உரசலில் விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்துகள் கரையும், திருகாணித் துளைகள் கிண்ணமாகும். 1964இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றிய பிறகு சில ஆண்டுகள் வந்த உடற்பகுதிகளின் உலோகக் கலவையோ வழக்கமான சூட்டு உப்புக்குளியலில் ஒழுங்காகக் கறுப்பே ஏற்காது. காசைக் கொட்டித் திட்டுத்திட்டான நிறத்தை வாங்கியவர்கள் உண்டு. வால்நட் மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது பரவாயில்லை, மரத்தை உப்புத்தாளால் உலோகத்தின் மட்டத்துக்குக் கீழே இழைக்காதவரை. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவேண்டாம். அது காய்வது ஆவியாகி அல்ல, ஆக்சிஜனோடு சேர்ந்து. அந்த வேதிவினையின் சூட்டில் துணி தானாகவே தீப்பற்றும்.

குழலை ஒருபோதும் தொடக்கூடாதா என்று கேட்டால், ஓர் இடத்தை விலக்கித்தான் பதில் சொல்லமுடியும். மார்லினில் லீவரின் ஒரு திருகாணியைக் கழற்றினால் குழலின் பின்வாயை மூடும் கதவு முழுக்க வெளியே வந்துவிடும். துப்புரவுக் கம்பியைப் பின்னாலிருந்து விடலாம். 94இல் அது எளிதல்ல. தலைமுறை தலைமுறையாகக் கம்பி முன்வாயிலிருந்தே போய்வந்திருக்கும். கம்பியில் ஒட்டிய மணலும் புகைக்கரியும் வாயின் விளிம்பை ஒருபக்கமாகத் தேய்த்துவிடும். குண்டு குழலை விட்டுக் கிளம்பும் கடைசி நொடியில் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தப்பவேண்டும். விளிம்பு ஒருபக்கம் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டின் அடியைச் சாய்த்துவிடும். அத்தகைய துப்பாக்கியின் சிதறல் 7 செ.மீ.யில் நிற்காது, இருமடங்குகூட ஆகலாம். அப்போது நம் கணக்கின் இரண்டு பெட்டிகளும் ஏறக்குறையச் சமமாகிவிடுகின்றன: குழலின் பிழை கண்ணின் பிழையை எட்டிப்பிடிக்கிறது. வாயின் விளிம்பை மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு கடைந்து சீராக்க ஒரு மெக்கானிக்குக் கடைசல் பட்டறையில் அதிக நேரம் ஆகாது. துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, குழலை ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு ஐந்து குண்டு சுட்டு, கடைந்த பிறகும் அதேபோல் ஐந்து சுட்டு இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், துளைக்குறிக்குப் போகவேண்டிய பணம் முதலில் இங்கே போகவேண்டுமா என்பது தெரிந்துவிடும்.